உபயதாரரும் சந்தாதாரரும்

பத்திரிகையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிற கட்டத்தில் எல்லாச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு கனவு வருகிறது. எங்கிருந்தோ ஒரு தனவான் வருகிறார். அச்சகப் பாக்கியைத் தீர்க்கிறார். அடுத்த பத்து இதழ்களின் காகிதத்துக்குப் பணம் வைக்கிறார். பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். கவிஞரான என் நண்பர் ஒருவர் இந்தக் கனவுக்கு ஒரு பெயரே சூட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். 'ஃபிலடெல்ஃபியாவில் ஜெரி லென்ஃபெஸ்ட் என்று ஒருவர் இருந்தார். கேபிள் டெலிவிஷனில் சம்பாதித்ததை மியூசியத்துக்கும் சங்கீதப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வாரிக் கொடுத்தார். கடைசியில் ஒரு தினசரியையே விலைக்கு வாங்கித் தானம் செய்துவிட்டுச் செத்தார். நமக்கு ஒரு லென்ஃபெஸ்ட் வாய்க்கவில்லையே. உமக்குப் பணக்காரன் என்றாலே ஆகாது; இவரைப் பற்றியாவது ஒரு நல்ல வார்த்தை எழுதும்' என்பது கடிதத்தின் சாரம்.

எழுதுகிறேன். நல்ல வார்த்தை ஒன்று என்னிடம் இருக்கவும் செய்கிறது. ஆனால் அது நண்பர் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. அதற்குப் போகும் வழியில் அவருக்குப் பிடிக்காத சில விஷயங்களைக் கடந்துதான் போக வேண்டும்.

முதலில் ஆளைப் பற்றி. ஹெரால்ட் ஃபிட்ஜெரால்ட் லென்ஃபெஸ்ட் 1930-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்ஸன்வில் நகரில் பிறந்தார். கடற்படையில் இருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1958-ல் சட்டம் படித்து முடித்தார். நியூயார்க்கில் பெரிய வக்கீல் கம்பெனி ஒன்றில் சில வருஷங்கள் இருந்துவிட்டு 1965-ல் வால்டர் அனென்பெர்கின் ட்ரையாங்கிள் பப்ளிகேஷன்ஸில் வக்கீலாகச் சேர்ந்தார். இந்த அனென்பெர்க் என்ற பெயரை வாசகர் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 'டிவி கைட்', 'செவன்டீன்' போன்ற பத்திரிகைகள் அவருடையவை. அப்போது 'ஃபிலடெல்ஃபியா இன்க்வைரர்' தினசரியும் அவருடையதுதான். தினசரியை அவர் சில வருஷங்களில் விற்றுவிட்டார். 1974-ல் தம்மிடமிருந்த இரண்டு சின்னக் கேபிள் கம்பெனிகளையும் விற்க முன்வந்தார். அவற்றை வாங்கியவர் அவருடைய வக்கீல். இரண்டு முதலீட்டாளர்களின் துணையோடு, கடன் வாங்கி, 23 லட்சம் டாலர் விலை. இரண்டிலும் சேர்த்து 7,600 சந்தாதாரர்கள்.

2000-ல் அந்தக் கம்பெனியைக் காம்காஸ்ட் வாங்கியபோது சந்தாதாரர்கள் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். விலை, கடனையும் சேர்த்து, 650 கோடி டாலருக்கு மேல். கம்பெனியில் பாதி வேறு கைகளில் இருந்தது. லென்ஃபெஸ்ட் தம்பதிகளின் கைக்கு வந்தது சுமார் 120 கோடி. 2018 ஆகஸ்ட்டில், 88-வது வயதில் அவர் இறப்பதற்குள் கொடுத்து முடித்ததோ 130 கோடிக்கும் மேல். அறுபதுகளில் வாங்கிய எளிய வீட்டிலேயே கோடீஸ்வரரான பின்பும் பல வருஷங்கள் இருந்தார். இதெல்லாம் உண்மை. பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவரைப் பற்றியோ, கப்பல் போன்ற காரில் ஊர்வலம் போனவரைப் பற்றியோ நான் எழுதவில்லை. அந்த மாதிரி ஆட்களைத் திட்டுவது சுலபம். அதனால் பிரயோஜனமும் இல்லை. கொடுத்தவரைப் பற்றித்தான் பேச்சு.

*

கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? திருட்டுப் பணம் என்று நான் சொல்லப்போகிறேன் என்று நண்பர் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். இது கம்பியிலிருந்து வந்த பணம். ஆனால் கம்பியின் சுபாவம் என்ன என்று பார்க்க வேண்டும்.

கேபிள் டெலிவிஷன் பிறந்த இடங்களில் பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகள் முக்கியமானவை. நாற்பதுகளின் கடைசியில் மஹனாய் சிட்டி, லான்ஸ்ஃபோர்ட் மாதிரியான சுரங்க ஊர்களில் டெலிவிஷன் பெட்டி விற்க முடியவில்லை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கிளம்பிய அலை மலையில் முட்டி நின்றுபோனது. பெட்டி விற்ற கடைக்காரர்கள் மலை உச்சியில் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து ஊருக்குள் கம்பி இழுத்தார்கள். ஆக, கேபிளின் ஆதி சிந்தனை மிக எளிமையானது: படம் ஓரிடத்தில் இருக்கிறது, ஜனங்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள், நடுவில் மலை இருக்கிறது, மலையைச் சுற்றிக்கொண்டு படத்தை ஜனங்களிடம் கொண்டுபோ. இந்தச் சிந்தனையையும் வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கம்பி ஊரின் தெருக்களிலும் கம்பங்களிலும் போயாக வேண்டும். அதற்கு ஊர் நிர்வாகத்தின் உரிமம் வேண்டும். ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் இரண்டு கம்பி இழுத்தால் இரண்டுக்கும் நஷ்டம்; எனவே நடைமுறையில் ஓர் ஊருக்கு ஒரு கம்பெனி. சந்தாதாரருக்கு உள்ள ஸ்வதந்திரம், வைத்துக்கொள்வது அல்லது விட்டுவிடுவது. 1984-ம் வருஷச் சட்டம் கட்டணத்தின் மேலிருந்த பிடியைத் தளர்த்தியது. கட்டணம் விலைவாசியை மிஞ்சி ஏறியது. ஜனங்களின் எரிச்சல் எந்த அளவுக்குப் போயிற்று என்றால், 1992-ல் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஜனாதிபதி புஷ் ரத்து அதிகாரத்தால் நிறுத்தப் பார்த்தபோது காங்கிரஸ் அவரையும் மீறி அதை நிறைவேற்றியது. அவருடைய பதவிக்காலத்தில் அப்படி மீறப்பட்டது அது ஒன்றுதான். 1996-ல் வந்த இன்னொரு சட்டம் பிடியை மறுபடி தளர்த்தியது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1974-ல் 7,600 சந்தாதாரர்களுக்கு 23 லட்சம் டாலர் என்றால் தலைக்குச் சுமார் 300 டாலர். 2000-ல் விற்றபோது தலைக்கு ஐயாயிரம் டாலர் அளவில் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் விலைவாசி ஏறியது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. தலையின் விலை ஏறியது பதினைந்து மடங்குக்கும் மேல். இதில் லென்ஃபெஸ்டின் உழைப்பு இருக்கிறது. கடன் வாங்கிய துணிச்சல் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கம்பெனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்ட சாமர்த்தியம் இருக்கிறது. செயற்கைக்கோள் வந்து சேனல்கள் பெருகிய அதிர்ஷ்டமும் இருக்கிறது. ஆனால் அந்த ஐயாயிரத்தின் அடியில், பொதுத் தெருவின் மேல் ஒரு சமூகம் ஒருவருக்கு அளித்த தனி உரிமையும் இருக்கிறது. வாங்கியவன் வெறும் கம்பிக்கு ஐயாயிரம் கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்காரன் இனியும் பல வருஷங்கள் மாதாமாதம் கட்டப்போகிற பணத்துக்குக் கொடுத்தான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாடு ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

எனவே 130 கோடியைக் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் பதிலாகாது. பத்து லட்சம் வீடுகள் மாதச் சந்தா கட்டின. அமெரிக்க வரிச் சட்டம் கொடைக்குக் கழிவு தருவதால், கேபிளே இல்லாதவனும் அரசாங்கத்தின் வழியாக அதில் கொஞ்சம் கட்டினான். இவர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த பணத்தை எதற்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவர் ஒருவர். உபயம் என்று எழுதப்படுவது அவர் பெயர். நம் கோயில் டியூப் லைட்டில் பட்டை பட்டையாகப் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். கர்டிஸ் சங்கீதப் பள்ளியின் கட்டிடத்திலும் கொலம்பியாவின் கலை மையத்திலும் லென்ஃபெஸ்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் நமக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. எழுத்து ரோமன் லிபியில் இருப்பதாலா?

இதுவரை சொன்னது எந்தக் கோடீஸ்வரருக்கும் பொருந்தும். இவர் விஷயத்தில் குறிப்பாக ஒன்று இருக்கிறது. நவீன ஓவியத்தின் மேல் அக்கறையுள்ள நாம் அதைப் பேசாமல் இருக்க முடியாது.

*

ஃபிலடெல்ஃபியாவில் 1872-ல் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஆல்பர்ட் பார்ன்ஸ் என்ற டாக்டர், ஆர்ஜிரால் என்ற வெள்ளிக்கலவை மருந்தைத் தயாரித்துப் பணக்காரரானார். பிறந்த குழந்தைகளின் கண் தொற்றுக்கு விடும் மருந்து அது. கண்ணைக் காப்பாற்றிய பணத்தில் அவர் கண்ணுக்கு இரை தேடினார். ரென்வார் 181, செசான் 69, மத்தீஸ் 59. இவற்றோடு சூட்டின், மோடிக்லியானி, ஆப்பிரிக்கச் சிற்பங்கள். யாரும் சீண்டாத காலத்தில் வாங்கியவை பல. 1923-ல் இவற்றில் சிலவற்றை ஃபிலடெல்ஃபியாவில் காட்சிக்கு வைத்தபோது அந்த ஊர் விமர்சகர்கள் எள்ளி நகையாடினார்கள். பார்ன்ஸ் அதைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. சிடுமூஞ்சி, பிடிவாதக்காரர், வசைக்கடிதங்கள் எழுதுவதில் நம் ஊர் இலக்கிய விமர்சகர்களுக்கு அண்ணன்.

ஆனால் அவருக்கு ஒரு தரிசனம் இருந்தது. தம் தொழிற்சாலையில் வேலை செய்த கறுப்பர், வெள்ளையர் எல்லோருக்கும் வேலை நேரத்திலேயே இரண்டு மணி நேரம் ஒதுக்கி, சுவரில் அசல் ஓவியங்களை மாட்டி, வாசிக்கவும் விவாதிக்கவும் வைத்தார். அதன் நீட்சியாக 1922-ல் நகருக்கு வெளியே மெரியனில் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மியூசியமாக அல்ல, பள்ளிக்கூடமாக. ஜான் டூயி அதில் பங்கெடுத்தார். ஒரு செசானுக்குப் பக்கத்தில் இரும்புக் கதவுக் கீல், அதன் கீழே பென்சில்வேனியக் குடியானவன் வீட்டு மரப்பெட்டி, எதிரே ஆப்பிரிக்க முகமூடி என்று ஒவ்வொரு சுவரையும் அவரே அமைத்தார். அந்தச் சுவர்களே அவருடைய பாடப்புத்தகம். ஆகவே, தமக்குப் பின் எந்தப் படமும் தொங்கும் இடத்தைவிட்டு நகரக்கூடாது, விற்கக்கூடாது, இரவல் கொடுக்கக்கூடாது என்று சாசனம் எழுதினார். காலப்போக்கில் நிர்வாகக் குழுவின் ஐந்து இடங்களில் நான்கை நியமிக்கும் உரிமை கறுப்பர்களின் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போகும்படி செய்தார். 1951-ல் கார் விபத்தில் இறந்தார்.

நம் கல்வெட்டுகளில் தர்மம் எழுதிவைத்தவன் கடைசி வரியில் ஒரு காரியம் செய்வான். இந்தத் தர்மத்தைக் காப்பவனுடைய பாதங்களைத் தன் தலைமேல் தாங்குவதாகச் சொல்வான். அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பான். செத்துப்போகப்போகிறவனுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? பார்ன்ஸ் கெஞ்சவுமில்லை, சபிக்கவுமில்லை. சட்டத்தை நம்பினார்.

அவர் போன அடுத்த வருஷமே தாக்குதல் ஆரம்பித்தது. நடத்தியது 'இன்க்வைரர்', அதாவது வால்டர் அனென்பெர்கின் தினசரி. வரிச்சலுகை பெறும் ஸ்தாபனம் பொதுஜனங்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று வழக்கு. 1961-ல் வாரத்தில் இரண்டு நாள் கதவு திறந்தது. தொண்ணூறுகளில் ஸ்தாபனத்தின் நிர்வாகம் சீர்குலைந்தது. வழக்குகளில் பணம் கரைந்தது. அக்கம்பக்கத்துப் பணக்கார வீட்டுக்காரர்கள் பார்வையாளர் கூட்டத்தை எதிர்த்தார்கள். கஜானா காலியான அந்தச் சமயத்தில், 2002-ல், மூன்று கொடையாளர்கள் வந்தார்கள்: பியூ அறக்கட்டளை, அனென்பெர்க் அறக்கட்டளை, லென்ஃபெஸ்ட் அறக்கட்டளை. 15 கோடி டாலர் திரட்ட உதவுகிறோம், ஆனால் படங்கள் மெரியனைவிட்டு ஃபிலடெல்ஃபியாவின் மியூசியம் வீதிக்கு வர வேண்டும் என்றார்கள். நிர்வாகக் குழு பதினைந்து பேராகப் பெருக வேண்டும் என்றும் ஏற்பாடு. லிங்கன் பல்கலைக்கழகத்தின் நான்கு இடங்களுக்கு அப்புறம் என்ன கனம் இருக்கும்? பென்சில்வேனியாவில் இந்த மாதிரி அறக்கட்டளை வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டுக்குப் பெயர் அனாதைகள் நீதிமன்றம். 2004 டிசம்பரில் அந்த நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 2012 மே மாதம் புதிய கட்டிடம் திறந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மெரியனுக்குப் போவது கஷ்டம். எத்தனை பேர் வரலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. பஸ்ஸில் வரும் ஏழைப் பையன் இன்றைக்கு அந்த செசான்களைப் பார்க்க முடிகிறது. ஸ்தாபனம் திவாலாகி, படங்கள் ஏலத்துக்குப் போய், தனித்தனிப் பணக்காரர்களின் வரவேற்பறைக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்பார்கள். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் திரட்டுகிற பணத்தை மெரியனிலேயே, பார்ன்ஸின் வீட்டிலேயே செலவழித்திருக்கலாம் அல்லவா? அந்தப் பணத்தோடு ஒட்டியிருந்த நிபந்தனைதான் என் பிரச்சினை. பட்டினி கிடப்பவனிடம் சோற்றைக் காட்டி, உன் அப்பா எழுதிய பத்திரத்தைக் கிழித்துப்போடு, பரிமாறுகிறேன் என்பதைக் கொடை என்று நான் சொல்லமாட்டேன். சமூகத்துக்கு நல்லது என்றே இருக்கட்டும். அதற்கு வேறு பெயர் தேடுங்கள்.

லென்ஃபெஸ்ட் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. நான் முன்னே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன மலைக்கு இப்போது வருகிறேன். கேபிள்காரருடைய கண்ணுக்குப் பார்ன்ஸின் விஷயம் எப்படித் தெரிந்திருக்கும்? அபூர்வமான படங்கள் ஓரிடத்தில் இருக்கின்றன; ஜனங்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்; நடுவில் பார்ன்ஸ் என்ற செத்துப்போன மனிதரின் சாசனம் மலை மாதிரி நிற்கிறது. சுற்றிக்கொண்டு கொண்டுபோ. படத்தைப் பார்ப்பது என்பது படம் வந்து சேருவதுதான் என்ற மனோபாவம் இது. பார்ன்ஸுக்கோ பார்ப்பது என்பது பார்ப்பவன் போய்ச் சேருவது. அவன் மாற வேண்டும், உட்கார வேண்டும், படிக்க வேண்டும். ஒரு டெலிவிஷன் யுகத்துக்கும் அதற்கு முந்தைய ஒரு பிடிவாதத்துக்கும் நடந்த யுத்தம் அது. யுகம் ஜெயித்தது. புதிய கட்டிடத்துக்குள் மெரியனின் அறைகளை அதே அளவில், அதே வரிசையில் திரும்பக் கட்டி, படங்களை அதே இடங்களில் மாட்டியிருக்கிறார்கள். அசல் படங்கள், நகல் அறைகள். ஒலிபரப்பு சுத்தமாக இருக்கிறது. ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

*

இடமாற்றத்துக்கு அனுமதி கிடைத்த இரண்டே வருஷத்தில் அதே ஊரில் இன்னொரு நாடகம். தாமஸ் ஈக்கின்ஸ் 1875-ல் வரைந்த 'தி க்ராஸ் க்ளினிக்' ஓவியம் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 2006-ல் அதை 6 கோடியே 80 லட்சம் டாலருக்கு வெளியூருக்கு விற்கப்போவதாகச் செய்தி வந்ததும் நகரம் கொதித்தது. இந்தப் படம் இந்த மண்ணுக்குச் சொந்தம், இங்கே வரையப்பட்டது, இங்கேதான் இருக்க வேண்டும் என்றார்கள். நிதி திரட்டிப் படத்தைக் காப்பாற்றிய ஃபிலடெல்ஃபியா ஓவிய மியூசியத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் அப்போது லென்ஃபெஸ்ட். நல்ல காரியம்தான். ஆனால் ஓவியத்துக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைவிட்டுப் பிடுங்கினால் ஏதோ ஒன்று செத்துப்போகிறது என்று 2006-ல் தெரிந்த உண்மை 2002-ல் எங்கே போயிருந்தது? மெரியனில் நின்றால் அது ஒரு கிழவனின் வக்கிரம். ஃபிலடெல்ஃபியாவில் நின்றால் அது கலாச்சாரப் பெருமை. இந்த ஈக்கின்ஸை வாங்கிய கடனை அடைக்க அந்த ஊர் ஸ்தாபனங்கள் தங்களிடமிருந்த வேறு ஈக்கின்ஸ் படங்களை விற்றன என்பது இந்த நாடகத்தின் கடைசிக் காட்சி. எந்த இடம் புனிதம், எது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பதை ஓவியர்களோ மாணவர்களோ தீர்மானிக்கவில்லை. செக் எழுதும் கை தீர்மானித்தது.

*

இப்போது நல்ல வார்த்தை.

அனென்பெர்க் விற்ற 'இன்க்வைரர்' பல கைகள் மாறியது. 2006-ல் 50 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய உள்ளூர்க் குழு 2009-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. 2012-ல் வேறொரு குழு 5½ கோடிக்கு வாங்கியது. அதில் லென்ஃபெஸ்டும் ஒருவர். 2013-ல் பத்திரிகாசிரியரை வேலைநீக்கம் செய்த விவகாரத்தில் முதலாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கோர்ட்டுக்குப் போனார்கள். லென்ஃபெஸ்டும் லூயிஸ் காட்ஸ் என்பவரும் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். 2014 மே மாதம் ஏலத்தில் இந்த இருவரும் 8 கோடியே 80 லட்சத்துக்குப் பத்திரிகையை எடுத்தார்கள். சில நாட்களிலேயே காட்ஸ் விமான விபத்தில் இறந்துபோனார். எண்பத்து நான்கு வயதுக் கிழவர் தனியாக ஒரு தினசரியின் முதலாளியானார்.

அந்த வயதில், அந்த ஊரில், அந்த அதிகாரம் எவ்வளவு போதை தரக்கூடியது என்று யோசித்துப் பாருங்கள். 2016 ஜனவரியில் அவர் அதைக் கைகழுவினார். லாபநோக்கற்ற ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, அதைப் பழைய பொது அறக்கட்டளை ஒன்றின் கீழே வைத்து, பத்திரிகையின் உடைமையை அதனிடம் கொடுத்து, கூடவே 2 கோடி டாலரும் வைத்தார். பத்திரிகையில் என்ன வர வேண்டும் என்று சொல்லும் உரிமை ஸ்தாபனத்துக்குக் கிடையாது என்பது ஏற்பாடு. அவருடைய பிள்ளைகளுக்குப் பத்திரிகை போகாது. ஒரு கட்டிடத்தைக் கொடுப்பவன் அதில் பெயரை எழுதிக்கொள்கிறான். ஒரு பத்திரிகையை இப்படிக் கொடுப்பவன், நாளைக்கு அதே பத்திரிகை தன்னைப் பற்றித் திட்டி எழுதும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கிறான். லென்ஃபெஸ்டின் 130 கோடியில் என் மதிப்பீட்டில் ஆகப் பெரிய கொடை இதுதான். பணத்தோடு பிடியையும் விட்டார். மற்ற இடங்களில் பணம் போனது, பிடி இருந்தது.

இதில் ஒரு விசித்திரத்தையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இந்தத் தானத்துக்கும் ஒரு சாசனம் உண்டு. தமக்குப் பின் வருகிறவர்கள் அதை மதிப்பார்கள் என்று அவரும் நம்பித்தான் செத்திருப்பார். பார்ன்ஸும் அப்படித்தான் நம்பினார். ஐம்பது வருஷம் கழித்து, கஜானா காலியான ஒரு நாளில், இன்னொரு நல்ல மனிதர் கையில் செக்குடன் வந்து, காலம் மாறிவிட்டது, இந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் திருத்தினால் எல்லோருக்கும் நல்லது என்பார். அப்போது லென்ஃபெஸ்டின் சாசனத்துக்காக வாதாட, பார்ன்ஸ் வழக்கு முன்னுதாரணமாக எதிரே நிற்கும்.

தானம் பத்திரிகையைக் காப்பாற்றிவிட்டதா? அச்சுப் பிரதி விழுந்துகொண்டே போனது. 2021-ல் அதன் பெரிய அச்சகத்தை மூடினார்கள். 500 பேருக்கு வேலை போயிற்று. அத்தனை கோடி வைத்துவிட்டுப் போனாலும் பத்திரிகை கடைசியில் வாசகன் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சந்தா கட்டுகிறாயா என்று கேட்டுக்கொண்டு.

*

நம்முடைய கனவுக்கு வருகிறேன். ஒன்றும் கேட்காத தனவான் வந்தால் என்ன என்கிறார் நண்பர். நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் நான் நடத்திய பத்திரிகையின் ஓர் இதழுக்கு முழு அச்சுச் செலவையும் ஒரு வியாபாரி கொடுத்தார். விளம்பரம்கூட வேண்டாம் என்றார். உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. அந்த இதழுக்கு நான் ஒரு மதிப்புரை எழுதி வைத்திருந்தேன். அவருக்கு வேண்டிய ஒருவரின் கவிதைத் தொகுப்பைப் பற்றியது, கடுமையானது, நியாயமானது. அச்சுக்குப் போகும் முதல் நாள் ராத்திரி அதை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தேன். பக்கம் போதவில்லை என்று சக ஆசிரியரிடம் சொன்னேன். அடுத்த இதழிலும் வரவில்லை. அந்த வியாபாரிக்கு இன்றுவரை இது தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அவருடைய பெருந்தன்மைக்கு நானாகவே கொடுத்த விலை அது. எழுத்தில் நான் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் வெட்கமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே எனக்குப் பணக்காரர்கள்மேல் கோபம் என்று நண்பர் நினைப்பது தவறு. பணத்தின் முன்னால் நான் என்ன ஆகிறேன் என்பது எனக்குத் தெரியும். மெரியனில் பசித்திருந்த நிர்வாகிகளையும் என்னையும் ஒரே தராசில்தான் வைக்கிறேன். நாளைக்கே ஒரு லென்ஃபெஸ்ட் வந்தால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: ஐயா, பணத்தோடு எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்? கடைசிக் காலத்து லென்ஃபெஸ்ட் அதற்குப் பதில் சொல்லியிருப்பார். 2002-ன் லென்ஃபெஸ்டிடம் பதில் இருந்திருக்காது.

அவர் வருகிறவரை நமக்கு வழி ஒன்றுதான். எங்களிடம் 7,600 பேர் இல்லை. முந்நூறு பேர் இருந்தால் அதிகம். அவர்களை யாரும் தலைக்கு ஐயாயிரம் கொடுத்து வாங்கப்போவதில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் நிறுத்திவிடும் உரிமை அவர்களில் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. நிறுத்தியும்விடுகிறார்கள், காரணத்தையும் எழுதுகிறார்கள். அவர்களில் யாருக்காகவும் நான் எந்த மதிப்புரையையும் டிராயருக்குள் வைத்ததில்லை.

நண்பருக்கு ஒரு தகவல். உம்முடைய சந்தா போன டிசம்பரோடு முடிந்துவிட்டது.